கட்டைவிரல் வெளியே இருக்கட்டும்

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. என் அத்தானின் இரண்டு கைகளிலும் மாவுக்கட்டு இருக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

நான் கார் பந்தய விளையாட்டுக்கூடம் நடத்துகிறேன். பெரிதாக நினைக்க வேண்டாம். ஓர் அறை, மூன்று இருக்கைகள், மூன்று திரைகள். ஒவ்வொரு இருக்கைக்கு முன்னும் ஒரு ஸ்டியரிங். அதற்குள் மோட்டார் உண்டு. திரையில் கார் சுவரில் மோதினால் மோட்டார் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பிவிடும். அதனால் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் ஒன்றைத்தான் சொல்வேன். கட்டைவிரலை வளையத்துக்குள் விடாதீர்கள். ஏதாவது ஆனால் தட்டுவதற்குச் சிவப்புப் பொத்தான் இருக்கிறது. தட்டினால் மோட்டார் நின்றுவிடும்.

மூன்றாவது ஸ்டியரிங் பழையது. ஒரு பெண்ணிடம் வாங்கினேன். இறந்துபோன தம்பியுடையது என்றாள். பெட்டியை மூடும் முன் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"நிறைய பேர் ஓட்டட்டும்" என்றாள்.

முதல் வாரமே எனக்குச் சரியாகப் படவில்லை. மற்ற இரண்டும் ஓட ஓடச் சூடாகும். அது சில்லென்றே இருந்தது. யார் உட்கார்ந்தாலும், கை வைத்தவுடன் இலேசாகத் துடிக்கும். ஆள் யாரென்று பார்ப்பதுபோல... பிறகு அடங்கிவிடும். "இதுதான்ணே செம்மையா இருக்கு" என்று பையன்கள் அதற்குத்தான் அடித்துக்கொண்டார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை.

அன்று நல்ல மழை. மாலை ஆறரை. கூடத்தில் ஒருவரும் இல்லை. என் அக்காவின் கணவர் நனைந்துகொண்டே உள்ளே வந்தார். பார்சல் வேன் ஓட்டுகிறவர்.

"என்ன மாப்ள, ஈ ஓட்டிட்டு இருக்கியா?"

"நீங்க கார் ஓட்டுங்க அத்தான், பார்ப்போம்."

மூன்றாவது இருக்கையில் போய் உட்கார்ந்தார்.

"அத்தான், கட்டைவிரல் வெளியே இருக்கட்டும்."

"போடா. நாள் பூரா நிஜ வண்டி ஓட்டறவன்டா நான். இந்தப் பொம்மைக்குப் பயப்படணுமா?"

வேன்காரர்கள் பிடிக்கும் பிடி. இறுக்கமாக. இரண்டு கட்டைவிரலும் உள்ளே.

ஸ்டியரிங் துடிக்கவில்லை. முதல்முறையாக அது அசையாமல் இருந்தது.

கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே ஓட்டினார். பிறகு சிரிப்பு நின்றது.

"ஏன்டா இப்படிக் குலுங்குது?"

திரையில் சாலை வழவழவென்று இருந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டிர்ர்ர்... டிர்ர்ர்...

கீழே விழுந்த சைக்கிளின் சக்கரம் சுற்றுகிற சத்தம். ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. ஸ்டியரிங்குக்குள்ளிருந்து வந்தது.

ஆட்டத்தை நிறுத்தினேன். திரையில் கார் உறைந்து நின்றது. சத்தம் நிற்கவில்லை.

"மாப்ள... கை வரல."

"பிடியை விடுங்க அத்தான்!"

"நான் விட்டுட்டேன்டா. அது விடல."

சிவப்புப் பொத்தானை அடித்தேன்.

நிற்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கினேன். திரை அணைந்தது.

டிர்ர்ர்...

ஸ்டியரிங் இடது பக்கம் திரும்பியது.

டக்.

அத்தான் அலறினார்.

வலது பக்கம். மெதுவாக. அவசரமே இல்லாமல்...

டக்.

மணிக்கட்டோடு சேர்த்து இரண்டு கையும் முறிந்திருந்தன. "எந்த மெஷின்ல மாட்டுச்சு?" என்று டாக்டர் கேட்டார். நான் சொன்னதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

அக்கா அழவில்லை. "இனிமே வேனை நான் ஓட்டறேன்" என்றாள். "போன வருஷமே அவர் கத்துக்கொடுத்தார். பாதியில விட்டுட்டேன்."

"ஏன்க்கா விட்டே?"

அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டியரிங்கைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். நடந்ததைச் சொன்னதும் அந்தப் பெண் ஆச்சரியப்படவில்லை.

"ரெண்டு கையுமா?"

"ஆமா."

"என் தம்பி சைக்கிள்ல வந்துட்டு இருந்தான். ஒரு வேன் இடிச்சுது. ஓட்டினது ஒரு பொம்பளை, புதுசா பழகறவ. நிறுத்திட்டு இறங்கத்தான் பார்த்தா. தம்பி கையைத் தூக்கிக் கூப்பிட்டிருக்கான். பக்கத்துல இருந்தவன் எட்டி ஸ்டியரிங்கைத் திருப்பினான். 'மிதி'ன்னு கத்தினான். அவளும் மிதிச்சுட்டா. ஆஸ்பத்திரியில கண்ணை மூடுற வரைக்கும் தம்பி இதையேதான் சொல்லிட்டு இருந்தான்."

அவள் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"இதோட வேலை முடிஞ்சுது. இன்னும் ஒருத்தி பாக்கி. அதை அவனே பார்த்துக்குவான்."

கதவைச் சாத்திவிட்டாள்.

அக்காவிடம் நான் எதையும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம். நேற்று அவளே சொன்னாள்.

"வலது கால் மரத்து மரத்துப் போகுதுடா. பிரேக்ல வச்சா, யாரோ பாதத்தைப் பிடிச்சு மெதுவா நகர்த்தற மாதிரி இருக்கு."

"நாளைக்கு வண்டி எடுக்காதேக்கா."

"எடுக்காட்டி வீடு எப்படிடா நடக்கும்?"

இரவு அக்கா வீட்டிலேயே தங்கினேன். அவள் தூங்கிய பிறகு வேன் சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படுத்தேன்.

விடிந்ததும் இன்ஜின் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினேன். அக்கா அப்போதுதான் தலையைப் பின்னிக்கொண்டு வந்து என் பின்னால் நின்றாள்.

வேன் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை. டிரைவர் பக்கத்துக் கதவு மட்டும் திறந்திருந்தது.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன்.

சாவி அங்கேயேதான் இருந்தது.