மூன்று கேள்விக்கும் ‘இல்லை’ என்றவர்

போன வெள்ளிக்கிழமை, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். தோளில் பை. காலில் பளபளவென்று சப்பாத்து. எனக்கு அப்போதே சந்தேகம்.

புது முகம் என்றால் நான் வெளியே வரமாட்டேன். கூச்சம். ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்றுதான் பேச்சு.

“தோட்டத்து ஆபீசா?”

“இல்லங்க.”

“யூனியனா?”

“இல்லங்கம்மா, நான்...”

“கோயில் வசூலா?”

“அதுவும் இல்லங்க.”

லயம் தேடி வருகிறவர்கள் எனக்குத் தெரிந்து அவ்வளவுதான். அப்புறம் இவர் யார்? ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

உள்ளே மருமகள் ஸ்டெல்லா கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பதுளையில் ஒரு கடைக்கு, சாமான் அனுப்புகிற புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஒவ்வொரு சாமானையும் ‘நீ என்ன வகை?’ என்று அது கேட்குமாம். காய்கறியா? கூடையில் போடு. கண்ணாடியா? வைக்கோல் சுற்று. கடையில் புதிதாகப் பூச்செடி விற்கத் தொடங்கினார்கள். செடி இரண்டுமில்லையே... புரோகிராம் பேசாமல் இருந்துவிட்டது. மொனராகலைக்குப் போகவேண்டிய செடிகள் ஸ்டோரிலேயே வாடிப்போயின.

சாயங்காலத்துக்குள் திருத்தி அனுப்பாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. திருத்திவிட்டாள். அனுப்பத்தான் நெட் இல்லை. காலையிலிருந்தே செத்துக் கிடக்கிறது.

“யாரு அத்தை வந்தது?”

“தெரியல. எதக் கேட்டாலும் இல்லங்கிறான். அனுப்பிட்டேன்.”

“கையில என்ன வச்சிருந்தாரு?”

“பையில வயரு மாதிரி ஏதோ தொங்குச்சு.”

ஸ்டெல்லா செருப்புகூடப் போடாமல் ஓடினாள். பசறை பஸ்ஸில் ஒரு காலை வைத்துவிட்டவரைப் பிடித்து இழுத்துவந்தாள். நெட் ரிப்பேர்காரர்.

“ஒங்க அத்தை பொலிஸ்ல இருந்தாங்களா?” என்று கேட்டுக்கொண்டே அவர் வேலையைப் பார்த்தார். சீலைக்குப் பின்னாலிருந்தே பிளேன்டீயை நீட்டினேன். புரோகிராம் நேரத்தோடு போய்ச் சேர்ந்தது.

“என் பழைய புரோகிராமும் நீங்களும் ஒண்ணு, அத்தை” என்று சிரித்தாள் ஸ்டெல்லா.

“இப்ப எப்படி மாத்துன?”

“யாருன்னு கேக்குறதையே எடுத்துட்டேன். ‘ஒன்ன எப்படி அனுப்பணும்’னு மட்டும் கேக்கும். காயி ‘கூடையில போடு’ன்னு சொல்லும், செடி ‘தண்ணி தெளிச்சு அனுப்பு’ன்னு சொல்லும்.”

“அது பொய் சொன்னா?”

ஸ்டெல்லா மறுபடியும் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

யோசித்துப் பார்த்தால்... நாமும் வருகிறவரிடம் ‘எந்த டிவிஷன், யார் வீட்டு ஆள்’ என்றுதானே துருவுகிறோம்? ‘என்ன வேலையாக வந்தீர்கள்’ என்று எத்தனை பேர் கேட்கிறோம்? இனி நான் அதைத்தான் கேட்கப்போகிறேன் —

ஜன்னலைத் திறக்காமல்தான்.