அஸருக்கு வராத கடதாசி

வெள்ளவத்தையில் தாயோடு ஒரு சின்ன ஃபிளாட்டில் இருக்கும் உஷாந்திக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. ஒரு காலத்தில் அந்த அறையில் கதிரைகள் போதாது. நாட்டில் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற வருடத்தோடு கனடா, மெல்பேர்ண் என்று ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். கடைசியாக, அவளோடு அங்கே மிஞ்சியிருந்த பிரசாந்தும் போனான். அதன்பிறகு எங்கே எது பழுதானாலும் அவளைத்தான் தேடுவார்கள்.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி முழுவதிலும் ஒரு கடதாசி வெளியே வரவில்லை. எல்லா வாட்டுகளின் பிரிண்டர்களுக்கும் ஒரே சேர்வர். கெட்டுப்போன கோப்பு ஒன்று முன்னால் அடைத்துக்கொண்டு நிற்க, பின்னால் வந்தவை எல்லாம் அதில் தேங்கிக் கிடந்தன. முன்னால் நின்றதை அழித்துப் பார்த்தாள். அழிபடுகிறது என்று காட்டியதே தவிர, அது அசையவில்லை.

கதவடியில் ஒரு பெண் வந்து நின்றாள். லுத்பியா என்று பெயர் சொன்னாள். காலையில் அவளுடைய தகப்பன் மேல்மாடி வாட்டில் இறந்துபோயிருந்தார். உடலை விடுவதற்கான பத்திரம் பிரிண்ட் ஆகவில்லை என்று இங்கே அனுப்பியிருந்தார்கள்.

"மிஸ், வாப்பாட மையத்த பின்னேரம் அஸர் தொழுகையோட எடுக்கோணும். பள்ளியில எல்லாரும் காத்துக்கொண்டு ஈக்கிறாங்க. கையால எழுதித் தர ஏலாதா?"

"அது என்ர கையில இல்லை அக்கா. கொஞ்சம் பொறுங்கோ, இப்ப வந்திடும்."

தேங்கியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கெட்டதை மட்டும் எடுக்கலாம், நேரம் பிடிக்கும். முழுவதையும் துடைத்துவிட்டால் உடனே வேலை முடியும். மனேஜர், லாப், பார்மசி என்று போன் ஓயாமல் அடித்தது. உஷாந்தி எல்லாவற்றையும் துடைத்தாள். பிறகு வாட்டு வாட்டாக அழைத்து, "திரும்ப அனுப்புங்கோ" என்றாள்.

பிரிண்டர்கள் கடகடவென்று ஓடத் தொடங்கின. லுத்பியாவின் பத்திரம் மட்டும் வரவில்லை. அதை அனுப்பிய கிளார்க் வேலை முடிந்து வத்தளை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். புதிதாக எடுப்பதென்றால் டொக்டர் மறுபடி ஒப்புதல் தரவேண்டும். அவரோ ஒப்பரேஷன் தியேட்டருக்குள். உஷாந்தி மாடியேறிப் போய் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றாள். உள்ளே போன நேர்ஸ் வந்து கையை விரித்தாள்.

டொக்டர் வெளியே வந்தபோது அஸர் தொழுகை முடிந்திருந்தது.

பத்திரத்தை உஷாந்தியே கொண்டுபோய்க் கொடுத்தாள். லுத்பியா அதை இரண்டு கையாலும் வாங்கினாள். "பரவாயில்ல மிஸ். பொழுதுபட மஃரிபுக்கு எடுப்பம். நீங்களும் ஓடித் திரிஞ்சீங்கதானே." அவள் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்போல இருந்தது உஷாந்திக்கு. தான் துடைத்தவற்றில் அதுவும் ஒன்று என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் லுத்பியா வெளியே காத்துநின்ற தன் தம்பிமாரிடம் போய்விட்டாள்.

மனேஜர் போனில் பாராட்டினார். "கெதியாச் சரிபண்ணிட்டீர் உஷாந்தி, குட் வேர்க்." தாங்க்ஸ் சேர் என்றாள்.

வீட்டில் தாய் கோப்பையில் சோற்றைப் போட்டுவிட்டு அவளைப் பார்த்தாள்.

"என்ன பிள்ளை, முகம் செத்துப்போய்க் கிடக்கு?"

"ஒண்டுமில்லை அம்மா. பிரிண்டர் பழுது."