கடல் திருப்பித் தருவது

பெங்களூரு பொம்மனஹள்ளியில் நான் நடத்தும் ஞாயிறு வேதபாட வகுப்பில், கடைசி வரிசையில் உட்காரும் கார்மென்ட்ஸ் ஆலையில் வேலை செய்யும் பெண் அவர். வெயிலில் கறுத்த முகம். மீன்கடைத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டுதான் வருவார்.

அன்று, பைபிள் தீர்க்கதரிசனத்தில் மிருகம் என்றால் அரசு, கடல் என்றால் ஜனக்கூட்டம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். முதல்முறையாக அவர் எழுந்தார்.

"கடைசி நாள்ல கடல் செத்தவங்களத் திருப்பிக் குடுக்கும்னு இருக்கே பிரதர், அதுவும் ஜனக்கூட்டந்தானா? கடலுக்குப் போன எங்க வீட்டுக்காரரு உடம்புகூட கெடைக்கல."

"அது கடல்தான் சிஸ்டர்," என்றேன்.

அவர் முகம் தெளியவில்லை. "கடலே கண்ணுல படக்கூடாதுன்னு பெங்களூரு வந்துட்டேனே. அது குடுக்கிறப்ப வாங்கிக்க நான் அங்க இருக்க வேணாமா?"

பிறகு அவர் வரவில்லை. ஊருக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் சொன்னதை நம்பிக் கரையில் உட்கார்ந்திருப்பாரோ?