வாசிக்காமல் கடந்த அறிவித்தல்

மனைவி இறந்த பிறகு புங்குடுதீவு வீட்டில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். கனடாவிலிருந்து மகள் கடைசியாக வந்தபோது தந்துவிட்டுப்போன மடிக்கணினியில், அவள் எடுத்த வீடியோ ஒன்று இருந்தது. அதில் மனைவி குசினியில் நின்று, "படம் பிடிச்சது காணும், இஞ்ச மீன் கருகுது" என்று எங்கள் இருவரையும் ஏசுவாள். பின்னேரங்களில் அதைப் போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவேன்.

சார்ஜர் பழுதாகி வேறொன்று வாங்கினேன். அன்றிலிருந்து கணினி ஊர்ந்தது. படம் அடிக்கடி நின்றது. அவளுடைய குரல் துண்டு துண்டாக வந்தது. வைரஸ் என்று நினைத்து, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றச் சொல்வதற்காக யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினேன். அந்த வீடியோவும் அழிந்துவிடும் என்பது எனக்குத் தெரியாது.

நல்லவேளை, கடையில் இருந்த பெண் அவசரப்படவில்லை.

"ஐயா, தொடங்கேக்கை ஏதும் எழுத்து வாறதே?"

"ஓம் பிள்ளை, இங்கிலீசிலை ஏதோ வரும். நான் வாசிக்காமல் அமத்திவிடுவன்."

அவள் கணினியைத் தொடக்கி, வந்த எழுத்தை வாசித்தாள். "சார்ஜரை அடையாளம் காண ஏலாது எண்டு சொல்லுது. அதாலைதான் புரொசசர் வேகத்தைக் குறைச்சு வைச்சிருக்கு. அழிச்சிருந்தால் உள்ளுக்கை இருக்கிற படமெல்லாம் போயிருக்கும்."

அவள் பொருத்தமான சார்ஜரைச் செருகினாள். கடை நிறைய ஆட்கள் நிற்க, மனைவி தடங்கலில்லாமல் என்னை ஏசினாள்.

இப்போது அந்த வீடியோவின் பிரதி ஒன்று மகளிடமும் இருக்கிறது. திரையில் எது வந்தாலும் அகராதியை வைத்துக்கொண்டு கடைசிச் சொல்வரை வாசிக்கிறேன். எனக்கு வேறு அவசரம் ஒன்றும் இல்லை.