இரண்டு டம்ளர் கசகசா பாயசம்

தொண்ணூறுகளின் நடுவில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் நர்ஸாக இருந்தேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு எடை, கண், ரத்தம் எல்லாம் பார்ப்பது என் வேலை. வெளிநாட்டுக் கூட்டாளிகள் வந்த பிறகு போதை மருந்துச் சோதனையும் சேர்ந்துகொண்டது. சிறுநீரில் ஒரு காகிதப் பட்டையை நனைத்தால் ஐந்து நிமிடத்தில் முடிவு தெரியும். பட்டை சொன்னால் எனக்கு வேதவாக்கு. கொஞ்சம் திமிரும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒரு திங்கட்கிழமை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலைக்கு பாகலூரிலிருந்து ஒருவர் வந்தார். இரண்டு பிள்ளைகளின் அப்பா. பழைய கம்பெனியை மூடிவிட்டதால் எட்டு மாதமாக வேலை இல்லை. அவருடைய பட்டை அபின் என்று காட்டியது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நான் பீடிகூடத் தொடமாட்டேங்க சிஸ்டர்" என்றார். முந்தின நாள் மச்சினிக்கு வளைகாப்பாம். கன்னடக்காரர் வீட்டு விசேஷம், கசகசா பாயசம் இல்லாமலா? இரண்டு டம்ளர் குடித்தாராம். நல்லா காதில் பூ சுற்றுகிறார் என்று நினைத்து, 'தகுதியில்லை' என்று எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன். அவர் சண்டை போடவில்லை. "நீங்களே ஒரு டம்ளர் குடிச்சுப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. எழுதாமல் மறுநாளுக்குத் தள்ளிவைத்தேன். சாயங்காலம் எங்கள் தெருக் கன்னட அக்காவிடம் கேட்டேன். தேங்காய், வெல்லம், ஏலக்காய் போட்டு மணக்க மணக்க ஒரு சொம்பு கொடுத்தார். ஒரு டம்ளரோடு நிறுத்தியிருக்க வேண்டும். ருசி விடவில்லை, மூன்று குடித்துவிட்டு அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன்.

காலையில் என் சிறுநீரில் பட்டையை நனைத்தால், நானும் அபின்காரி! பதிவேட்டில் அவர் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதி டாக்டரிடம் நீட்டினேன். டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கசகசா அபின் செடியின் விதைதானே, பட்டை சந்தேகத்தைத்தான் சொல்லும், எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்க வேறு சோதனை இருக்கிறது என்று சொல்லி, இருவருடையதையும் பெங்களூருக்கு அனுப்பினார். இரண்டு முடிவும் ஒன்றுபோலவே வந்தன: சாப்பாட்டில் வரக்கூடிய சொற்ப அளவுதான்.

வேலையில் சேர்ந்த அன்று அவர் ஒரு தூக்குவாளியோடு என் அறைக்கு வந்தார். உள்ளே என்ன என்று நான் கேட்கவே இல்லை. இருவரும் சிரித்த சிரிப்பில் வராண்டாவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இன்றைக்கும் யாரைப் பற்றியாவது சட்டென்று ஒரு முடிவுக்கு வரப் பார்த்தால், என் பெயருக்கு நேரே என் கையாலேயே 'அபின்' என்று எழுதிய அந்தக் காலை ஞாபகம் வந்து, சிரித்துக்கொண்டே பேனாவை மூடிவிடுகிறேன்.