குச்சி வெச்ச கண்ணாடி

கார் கண்ணாடிய பத்தி என்கிட்ட வாய குடுத்துடாதீங்க, நிறுத்த மாட்டேன். ஒவ்வொரு கம்பெனிக்காரனும் ஒவ்வொரு மாதிரி வெப்பான். ஒருத்தன் கதவுலயே கால் நட்டு நிறுத்துவான், இன்னொருத்தன் ஜன்னல் மூலைல முக்கோணமா ஒட்டுவான். ஒண்ணு பட்டன அமுக்குனா திரும்பும். ஒண்ணுக்கு கதவுக்கு உள்பக்கம் சின்னதா ஒரு குச்சி நீட்டிகினு இருக்கும், அத திருகணும். நான் மெக்கானிக்கல் எடுத்ததே அந்த குச்சி வண்டியாலதான்.

அப்ப நான் நாலாவது. வூடு வடக்குத்து கிராமத்துல. அப்பா பக்கத்து டவுன்ஷிப்ல ஒரு ஆபீசருக்கு கார் ஓட்டிகினு இருந்தாரு. கான்ட்ராக்ட்தான், ஆபீசர் ஒரு வார்த்த சொன்னா மறுநாள் வேற டிரைவர். லீவுன்னா நானும் கூட போயி, அப்பா வண்டி தொடைக்கிறப்ப டிரைவர் சீட்ல ஏறி உக்காந்துக்குவேன். அப்பா நல்ல ஒசரம். அவர் ஒசரத்துக்கு திருப்பி வெச்ச கண்ணாடில எனக்கு ரோடே தெரியாது. வெறும் வானம், மரத்து உச்சி.

ஒரு சனிக்கிழம போனா, எடது கண்ணாடி ஒடஞ்சு தொங்குது. ஆபீசர் குவார்ட்டர்ஸ் வாசல்ல நின்னுகினு அப்பாவ காய்ச்சுறாரு.

"நேத்து வண்டிய கொண்டாந்து விடுறப்ப எங்கயோ தேச்சிருக்க. கான்ட்ராக்டர்கிட்ட சொல்லி வேற ஆள போட்டுக்கறேன்."

மாடில அவர் பையன் வேடிக்க பாக்குறான். எட்டாவது, ஆனா என்னைவிட ஒரு சாண் ஒசரம் இருந்தா அதிகம்.

நான் வழக்கம்போல சீட்ல ஏறிட்டேன். வலது கண்ணாடில ரோடு தெரியுது. பின் டயர் வரைக்கும் பளிச்சுனு.

தலைய வெளிய நீட்டுனேன். "சார், இத எங்கப்பா வெக்கல. குட்ட ஆளு யாரோ ஓட்டிருக்காங்க. எனக்கே ரோடு தெரியுது பாருங்க."

பையன் சட்டுனு உள்ள போயிட்டான். ஆபீசர் கண்ணாடியயும் பாத்தாரு, காலி மாடியயும் பாத்தாரு. ஜெயிச்சிட்டேன்னு நெனச்சா, அப்பா கைய உள்ள வுட்டு குச்சிய திருகிட்டாரு. மறுபடி வானம்.

"சின்ன புள்ள, ஏதோ ஒளறுது சார். என் தப்புதான்."

"சரி சரி, இனிமே பாத்து ஓட்டு"ன்னு ஆபீசர் ஒடனே தணிஞ்சிட்டாரு. பை எடுக்க உள்ள போனாரு.

எனக்கு அப்பா மேலதான் கோவம். அவர் கண்ணு முன்னாடியே குச்சிய திருகி, ரோடு தெரியிற மாதிரி வெச்சிட்டுதான் எறங்குனேன். முடிஞ்சா மாத்துன்னு மொறச்சிகினே நின்னேன்.

ஆபீசர் பின்னாடி ஏறுனாரு. அப்பா கண்ணாடிய பாத்தாரு, குச்சில கைய வெச்சாரு, எடுத்துட்டாரு. ஜன்னலுக்கு வெளிய கழுத்த நீட்டி பின்னாடி பாத்துகினே வண்டிய கெளப்புனாரு.

மத்தியானம் வண்டி திரும்பி வர்ற வரைக்கும் மரத்தடிலயே இருந்தேன். ஏறி பாத்தா, அப்பவும் ரோடுதான் தெரிஞ்சுது. ஆபீசர பின் சீட்ல வெச்சிகினு, அவர் பாக்க பாக்க, அர நாளும் அப்படியே கழுத்த நீட்டி நீட்டி ஓட்டிருக்காரு.

சரியான பயந்தாங்கொள்ளி, பதட்டத்துல கண்ணாடிய திருப்பக்கூட மறந்துட்டாருன்னு அப்ப நெனச்சிகினே வூடு வந்தேன்.