இரண்டு எண்களில் ஓர் ஆள்

அந்தக் குழாய் ஆள்காட்டி விரல் அளவுதான் இருக்கும். நீல மூடி, மேலே ஒட்டிய வெள்ளைச் சீட்டு. சீட்டில் பெயர் இருக்காது, மூன்று இலக்க எண் மட்டும் இருக்கும். மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவைச் சுற்றியுள்ள வீடுகளில் ஏறி இறங்கி, அந்தக் குழாயைப் பெண்களின் கையில் கொடுத்து வாங்குவதுதான் ஏழு வருடம் என் வேலை. கருப்பை வாயில் புற்றுநோய் வரக்கூடுமா என்று முன்கூட்டியே பார்க்கும் சோதனை. திரைக்குப் பின்னால் போய்ப் பஞ்சுக்குச்சியால் தாங்களே எடுத்து, குச்சியைக் குழாயில் போட்டுத் தந்தால் போதும். சோதனைக்குப் பின் மிஞ்சுவதை, சம்மதித்தவர்களுடையதை மட்டும், பாலத்துக்கு அப்பால் இருந்த ஆராய்ச்சிக்கூடத்தில் உறைய வைத்து வருடக்கணக்காகச் சேமிப்பார்கள். நாளைய ஆராய்ச்சிக்கு இன்றைக்கே எடுத்து வைக்கும் விதைநெல் என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். எங்கள் தெருவில் யார் விதைநெல்லைக் கண்டார்கள்? தோப்பும்படியில் வாங்கிய மீனைப் பிரீசரில் வைப்பதுபோல என்று மாற்றிச் சொன்ன பிறகுதான் தலையாட்டினார்கள்.

இந்த வேலையை நடத்தியவர் ஒரு டாக்டர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், எங்கள் வீடுகளில் மூத்த சகோதரியைக் கூப்பிடுவதுபோல என்னை இத்தா என்று அழைப்பார். சனிக்கிழமை தோறும் வைட்டிலாவில் ஊருக்குப் பஸ் ஏறுவார், திங்கட்கிழமை ஒரு பை நிறைய முறுக்கோடும் இரண்டு பை நிறையக் கேள்விகளோடும் திரும்புவார். சுக்கு மண்டி ஒன்றின் மாடியில்தான் எங்கள் அறை. நாள் முழுக்கச் சுக்கு நெடி. அந்த நெடியில் எனக்குத் தும்மல் வரும், டாக்டருக்குச் சந்தேகம் வரும். மண்டியில் புடைக்கிற பெண்களுக்கு இருமல் அதிகமா, வெற்றிலை போடாதவர்கள் யார், ஒரே வீட்டில் மாமியார் சம்மதித்து மருமகள் மறுப்பது ஏன் என்று ஓயாமல் கேட்பார். நான் இந்தத் தெருவில் பிறந்தவள் என்ற மிதப்பில் சட்டென்று பதில் சொல்வேன். உடனே அவர் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்பார்: "இது தெரிஞ்சதா இத்தா, தோணித்தா?" தெரிந்தது என்றால் நோட்டில் மையால் எழுதுவார், தோன்றியது என்றால் பென்சிலால். என் பதில்களில் முக்கால்வாசி பென்சிலில்தான் ஏறின. எனக்கு எரிச்சலாக இருக்கும்.

எந்த எண் யாருடையது என்ற புத்தகம் என் பொறுப்பில் இருந்தது. பெயர் தெரிந்தால் கண் ஒரு பக்கமாகச் சாயும் என்று டாக்டர் அதைத் திறக்கவே மாட்டார். அலமாரிச் சாவி என் இடுப்பில். இன்னொரு நியமமும் உண்டு. நாம் கொடுக்காததை மற்றவரிடம் கேட்கக் கூடாது. அதனால் வேலை தொடங்கிய வாரமே நாங்கள் எல்லோரும் கொடுத்தோம்.

எல்லோரும் என்றேனே, அங்கேதான் கதை. எனக்கு மாதவிலக்கு நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் மூன்று மாதமாக அங்கங்கே இரத்தம் பட்டுக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் உம்மா இதே போலத் தொடங்கித்தான் இறந்தார். குழாயைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தைரியம் சொல்ல வந்த வாய், தனக்கென்று வந்தபோது அடைத்துப் போயிற்று. எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த என் அக்காவிடம் மட்டும், பயமாக இருக்கிறது என்றேன். இரத்தத்தைப் பற்றி அவளிடமும் சொல்லவில்லை.

அக்கா எனக்கு இரண்டு வயது மூத்தவள். ரேஷன் கடை வரிசையில் எனக்கும் சேர்த்து நிற்பாள், பள்ளியில் என் அடியையும் அவளே வாங்கியிருக்கிறாள். "பேடிக்காதெ புள்ளெ. ஒரு வயித்துல பொறந்தவங்கதானெ, எனக்கு உள்ளதுதான் உனக்கும். ரெண்டையும் நானே எடுத்துத் தாரேன், இங்கெ கொடு" என்று குழாயைப் பிடுங்கிக்கொண்டாள். சாயா ஆறுவதற்குள் இரண்டையும் கொண்டுவந்து வைத்தாள். அவளுடைய எண் 317, என்னுடையது 604. இரண்டுக்கும் குறையில்லை என்று முடிவு வந்தது. அந்தக் காகிதத்தைப் பார்த்து நானும் ஆறுதல் அடைந்தேன் என்பதுதான் வேடிக்கை. அது என்னுடையது அல்ல என்று எனக்குத் தெரியும், ஆனாலும் மனசு அதை நம்பியது.

நாலைந்து மாதம் கழிந்து ஒரு காலை, டாக்டர் படியேறி வரும்போதே முகம் மலர்ந்திருந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில், சில குழாய்களை மட்டும் எடுத்து, மாறிப் போயிருக்கின்றனவா என்று பார்க்கும் ஒரு பரிசோதனை உண்டாம். "இத்தா, ஒரு ரசமான சங்கதி கேட்டேளா? முன்னூத்திப் பதினேழும் அறுநூத்தி நாலும் ஒரே ஆளாக்கும். கூடத்துல ரெண்டையும் களைஞ்சுடுன்னு சொல்றா. எனக்கு மனசு வரலை. கூடப் பொறந்தவாளா இருந்தாலும் இவ்வளவு ஒத்துப் போகாது. ஒரே கருவுல பொறந்த ரெட்டையா இருக்குமோ?"

பொய்யை நானே தேட வேண்டியிருக்கவில்லை, அவரே சமைத்துப் பரிமாறிவிட்டார். "ஆமா டாக்டர், அதுங்க ரெட்டைதான்" என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார். எடுத்தவர் நிறுத்தினார். "தெரிஞ்சதா, தோணித்தா?"

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேனாவை வைத்து, பென்சிலையும் எடுக்காமல் இருந்தார். கீழே மண்டியில் யாரோ சாக்குகளை எண்ணி இறக்கும் சத்தம் கேட்டது. பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு அதற்கு மேல் இலையைப் பார்க்க முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகும், தெருவில் தலைகாட்ட முடியாது என்பதுதான் அப்போது எனக்கு இருந்த பயம்.

அவர் கோபிப்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "ஏன் பேடிச்சேள்? வெறும் பயந்தானா, ஏதாவது காரணம் உண்டா?" அந்தக் கேள்வியில் அதட்டல் இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசை மட்டுமே இருந்தது. அதனால்தான் இரத்தம் படுவதைப் பற்றி வாய் திறந்தேன். எட்டு மாதமாக ஒருவரிடமும் சொல்லாததை அரை நிமிடத்தில் சொல்லிவிட்டேன். அன்றைக்கே என்னை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இருந்தது. ஆனால் பரவியிருக்கவில்லை. கருப்பையை எடுத்தார்கள், வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

டாக்டர் மகான் ஒன்றும் இல்லை. நான் வேலைக்குத் திரும்பிய நாளே அலமாரிச் சாவியைக் கேட்டு வாங்கி இன்னொரு பெண்ணிடம் கொடுத்தார். வீடு ஏறும் வேலை மட்டும் எனக்கு. நியாயம்தான், ஆனாலும் இரண்டு மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லை. அவரோ அதைக் கவனிக்கக்கூட நேரமில்லாமல் புதிய கேள்வி ஒன்றின் பின்னால் போய்க்கொண்டிருந்தார்: அக்கா செய்ததை வேறு யாரும் செய்திருப்பார்களா? என்னையே வீடு வீடாக அனுப்பிக் கேட்கச் சொன்னார். இன்னும் இரண்டு வீடுகளில் அதே கதை. ஒரு மாமியார் மருமகளுக்கும் சேர்த்துக் கொடுத்திருந்தார். அவளுக்குப் பிள்ளைக்குப் பால் கொடுக்கவே நேரமில்லை, பாவம், அதனால் நானே கொடுத்தேன் என்றார். அந்த இரண்டு வீட்டுப் பெண்களும் புதிதாகக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு சம்மதப் படிவத்தில் மலையாளத்திலும் தமிழிலும் ஒரு வரி சேர்ந்தது: யாருக்குப் பதிலாகவும் யாரும் கொடுக்க வேண்டாம், பாசம் உள்ளவர்களும்கூட. கடைசி இரண்டு சொற்கள் டாக்டருடைய குறும்பு.

அக்காவுக்கு அந்த வரி பிடிக்கவில்லை. தன்னால் தங்கை செத்திருப்பாளே என்று பல நாள் சோறு இறங்காமல் கிடந்தாள். டாக்டர் ஒரு மாலை மாடியேறிப் போய், அவளோடு கப்பைக்கிழங்கும் மீனும் சாப்பிட்டுவிட்டு, அந்த 604-ஐக் களையாமல் வைத்துக்கொள்ளச் சம்மதமா என்று புதிதாக ஒரு படிவத்தை நீட்டினார். "தப்பா வந்ததெ எதுக்கு டாக்டரே வெக்கிறீங்க?" என்று அக்கா கேட்டாள். "யாரோடதுன்னு இப்போ தெரியுமே. தெரிஞ்சதை எதுக்குக் களையணும்?" என்றார் அவர். அக்கா கையெழுத்துப் போட்டாள்.

டாக்டர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். எப்போதாவது செய்தி அனுப்புவார், அதிலும் கேள்விதான். அக்கா போன வருடம், நண்பகல் ளுஹர் தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி ஒளு செய்யப் போன இடத்தில் நெஞ்சடைத்து இறந்தாள். அவளுடைய துணிகளை எல்லாம் கொடுத்தாயிற்று. நாங்கள் போட்டோ எடுத்துக்கொண்ட குடும்பமும் அல்ல.

சென்ற மாதம் ஆராய்ச்சிக்கூடத்தில் எங்கள் பகுதிப் பெண்களை அழைத்து, கொடுத்தவை எங்கே இருக்கின்றன என்று காட்டினார்கள். அங்கே வேலை செய்யும் பெண் தடித்த கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். வெண்புகை எழுந்து அடங்கியது. நான் எண்களைச் சொன்னேன், அவள் கணினியில் பார்த்து, தட்டை அரை நிமிடம் வெளியே இழுத்தாள். நீல மூடிகள், மேலே உறைபனி. 317. கொஞ்சம் தள்ளி 604, டாக்டரின் கையெழுத்தில் ஒரு சிறு குறியோடு. அறுவைக்கு முன் நானே எடுத்துக் கொடுத்தது அதற்கும் கீழ்வரிசையில். விரலை நீட்டினேன், அவள் தொடக் கூடாது என்றாள்.

"இதுல இத்தாவோடது எது?" என்று கேட்டாள்.

மூன்றும் என்றேன். அவள் கணினியைத் திரும்பப் பார்த்துக் குழம்பினாள். டாக்டர் இருந்திருந்தால் பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டிருப்பார். மையிலேயே எழுதிக்கொள்ளுங்கள் டாக்டர். தெரிஞ்சதுதான்.